பத்தொன்பது தட்டு

ஏப்ரல் 6

அன்புள்ள நெட்டைக்கு,

நானும் அப்பாவும் சௌக்கியமாக இருக்கிறோம். நீ அங்கே சுரங்கத்துக்குள் எப்படி இருக்கிறாயோ என்று நினைத்தால் இங்கே எனக்கு மூச்சு முட்டுகிறது. உன் முகாமில் சிக்னல் கிடையாது என்று தெரிந்தும் நாலு நாள் நம்பரை அழுத்திப் பார்த்தேன். கடைசியில் தபால்காரர்தான், "லெட்டர் போடும்மா, சரக்கு லாரி வாரத்துக்கு ரெண்டு தடவை மலைக்குப் போகுதில்ல" என்றார். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. துணியில் சாக்பீஸால் கோடு போட்டுப் பழகிய கை இது.

ஊர் அடங்கிவிட்டது. பஸ் நிலையத்தில் ஒரு பஸ் டிரைவர் விட்டுப்போன இடத்திலேயே குறுக்காக நிற்கிறது. பள்ளிக்கூடச் சீருடைக்கு வாங்கிய நீலக் கட்டம்போட்ட துணி என்னிடம் மூட்டையாகக் கிடந்ததல்லவா, அதையெல்லாம் முகக்கவசமாகத் தைத்துக் கொடுத்துவிட்டேன். மாவட்ட அதிகாரி முதல் முடிதிருத்துகிறவர் வரை எல்லோரும் இப்போது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி இருக்கிறார்கள்.

வெளியே நடக்க ஊரில் ஆறே பேருக்குத்தான் பாஸ். அதில் அப்பா ஒருவர். தண்ணீர் திறந்துவிட வேண்டுமே. காலையில் வால்வு திருப்புகிற அந்த நீள இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு நடு ரோட்டில் ராஜா மாதிரி போகிறார். ஆனால் கடைசித் தெரு விஷயத்தில் பெரிய சண்டை. அங்கே வீட்டுக் குழாய் கிடையாதே, பத்தொன்பது வீட்டுக்கும் முனையில் ஒரே பொதுக்குழாய். ஒரு குழாயைப் பத்தொன்பது பேர் தொட்டால் ஆபத்து, மூடு என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். "மூடிட்டு எதைக் குடிப்பாங்க?" என்று அப்பா ஒரே பிடியாக நின்று ஒரு வழி கண்டுபிடித்தார். குழாயை யாரும் தொடக்கூடாது. அவர் சாவியால் இரும்புக் கம்பத்தில் ஒரு தட்டு தட்டுவார். முதல் வீட்டுக்காரர் வந்து வாளியை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அப்பா பிடித்து வைப்பார். வாளிக்காரர் எடுத்துக்கொண்டு போனதும் அடுத்த தட்டு, அடுத்த வீடு. மொத்தம் பத்தொன்பது தட்டு. "பத்தொன்பது கை படுறதுக்கு ஒரு கை போதும்" என்கிறார். ஊரே மெச்சுகிறது. ஏழாம் வீட்டு ரேடியோ மாமா கைதட்டினாராம். நம் ரேடியோவைப் பிரித்துச் சரிபண்ணிவிட்டு மூன்று திருகாணி மிச்சம் என்று கையில் கொடுத்தாரே, அவரேதான்.

கீழே அப்பா எழுதுகிறாராம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*பத்தொன்பதும் முடிந்தது. நாலாம் தெரு வால்வு கசிகிறது, வாஷர் வாங்கக் கடை இல்லை. வெந்நீர் குடி. — அப்பா*


ஏப்ரல் 14

அன்பு அக்காவுக்கு,

குறையொன்றும் இல்லாமல் இருக்கிறேன். நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும். முகாமின் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். நாங்கள் நாற்பது பேர், ஒரு சமையல்காரர், ஒரு என்ஜினீயர். போன் என்ஜினீயர் அறையில் ஒன்று உண்டு, உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும். வேலை நிற்கவில்லை. மலைக்குள் நோய் வராது என்று மேலே யாரோ முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அப்பாவின் தட்டு ஏற்பாடு அருமை. ஆனால் அக்கா, அவருக்குப் பம்பு அறைச் சத்தத்தில் காது போய்ப் பத்து வருடம் ஆகிறது. பின்னால் ஒருவர் வந்து இருமினாலும் அவருக்குத் தெரியாது. சுவரை ஒட்டி நிற்கச் சொல். அக்டோபரில் ஓய்வு, அதற்குள் நோய் நொடி என்று பதினைந்து நாள் படுத்தால் வேறு ஆளைப் போட்டு, வேலைக்காகக் கொடுத்த வீட்டையும் காலி பண்ணச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கவலையும் இருக்கிறது, மறைப்பானேன்.

அன்புடன்,
நெட்டை


ஏப்ரல் 29

அன்புள்ள நெட்டைக்கு,

நாங்கள் நலம். நீ எழுதியதை அப்பாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "சுவரை ஒட்டி நிக்க நான் என்ன பல்லியா?" என்கிறார். போன வாரம் மழை கொட்டியது. அவருடைய பழுப்பு மழைக்கோட்டையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு போனார். கோட்டு, தொப்பி, நீலக் கட்டக் கவசம். உள்ளே இருப்பது மனிதனா தபால்பெட்டியா என்று சொல்ல முடியாது.

பள்ளிக்கூடத்தை நோய் முகாம் ஆக்கிவிட்டார்கள். ஒரு வெள்ளை வேன் வருகிறது. அது சத்தமே போடுவதில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மளிகைக்காரரை ஏற்றிக்கொண்டு போனது. அப்பாவோடு முப்பது வருஷம் சீட்டாடினவர். தன் காலால் நடந்து போய் ஏறி, எங்களைப் பார்த்துக் கையாட்டினார். சனிக்கிழமை போய்விட்டார். வீட்டுக்குக்கூடக் கொண்டுவரவில்லை. அவர் மனைவிக்கு அவருடைய கண்ணாடியையும் செருப்பையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்களாம்.

அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு என்ன ஆனாலும் அந்த வேன்ல மட்டும் ஏத்தாதே. சத்தியம் பண்ணு" என்றார். பண்ணிக் கொடுத்தேன். அந்த நேரத்தில் வேறென்ன சொல்வது?

உன் அக்கா

*பத்தொன்பது. மழையில் கடைசித் தெரு வால்வு கடினம், எண்ணெய் விட்டேன். மளிகைக்காரர் போய்விட்டார். வெந்நீர் குடி. — அப்பா*


மே 20

அன்புள்ள நெட்டைக்கு,

இங்கே யாவரும் நலம். மூன்று வாரமாகக் கடிதம் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வேலை இருந்தது. அப்பாவுக்குக் கொஞ்சம் அசதி. வயதாகிறதல்லவா. அதனால் இந்தத் தடவை அவர் எழுதவில்லை, அடுத்ததில் எழுதுவார்.

தண்ணீர் ஒரு நாள்கூடத் தவறவில்லை. ரேடியோ மாமா தன் முறை வந்ததும் கதவுக்குள்ளிருந்தே வாளியில் இரண்டு தட்டு பதிலுக்குத் தட்டிவிட்டுத்தான் வெளியே வருகிறார். தந்தியடிக்கிறாராம். அந்த டிக் டிக் கேட்டால் அவ்வளவு பெரிய வெறிச்சோடிய தெருவில் ஒரு தெம்பு வருகிறது. மனிதர் எண்பதை நெருங்குகிறார், குசும்பு மட்டும் போகவில்லை.

என் வலது உள்ளங்கையில் கொப்புளம். கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்து. அதுதான் கையெழுத்து இப்படி. நீ கவலைப்படாதே.

உன் அக்கா


மே 25

அன்பு அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன், நீயும் அப்பாவும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் சமையல்காரர் போன வாரம் ஒரே சாப்பாட்டில் மூன்று தடவை உப்பைக் கொட்டினார். ருசியே தெரியவில்லை, வெங்காயம்கூட மணக்கவில்லை என்றார். மறுநாள் என்ஜினீயர் அவரைத் தனிக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார். ஆள் எழுந்து நடமாடுகிறார், காய்ச்சல்கூட இல்லை. ஆனால் அவரோடு சேர்ந்து காய் நறுக்கினவர்களில் நாலு பேர் படுத்துவிட்டார்கள். இப்போது நாங்களே பொங்கிக்கொள்கிறோம். என் சமையலைச் சாப்பிட்டவர்கள் அவரை மறுபடி கூப்பிடுங்கள் என்கிறார்கள்.

ரேடியோ மாமா பதில் தட்டுகிறார் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். அது காதில் விழுகிறது என்பதும் சந்தோஷம்.

உன் கைக் கொப்புளம் விரலடியிலா, உள்ளங்கை நடுவிலா? சின்ன வயதில் அப்பாவோடு போய்ச் சாவி திருப்பினபோது எனக்கும் நடுவில்தான் வந்தது, அதனால் கேட்டேன். மஞ்சள் களிம்பு போடு. அப்பாவை இரண்டு வரி எழுதச் சொல். இரண்டே வரி போதும்.

நெட்டை


மே 29

அன்புள்ள நெட்டைக்கு,

நலம். கொப்புளம் நடுவில்தான். எந்த இடத்தில் இருந்தால் உனக்கென்ன?

அப்பா சொல்ல நான் எழுதுகிறேன்: "எல்லா வால்வும் சரி. கடைசித் தெரு பதினாறு தட்டு." மூன்று வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒரு வீட்டிலிருந்து வேனில் போனார்கள், மற்ற இரண்டு வீட்டுக்காரர்கள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எங்கே போவார்கள், பஸ்ஸா ஓடுகிறது என்று கேட்காதே. நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

நேற்று சுகாதார அலுவலகத்திலிருந்து ஒருவர் கதவைத் தட்டினார். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் உண்டா என்றார். இல்லை என்றேன். அப்பா எங்கே என்றார். வால்வு திறக்கப் போயிருக்கிறார் என்றேன். உள் அறையில் இருமல் சத்தம் கேட்கக்கூடாதே என்று தையல் மெஷினை வேகமாக மிதித்துக்கொண்டே பேசினேன். பக்கத்து வீட்டு இருமல் இப்போதெல்லாம் நம் வீட்டில் கேட்பது மாதிரியே கேட்கிறது.

புதுச் சோப்பு படுமட்டம். முகர்ந்து பார்த்தால் கல்லை முகர்வது மாதிரி இருக்கிறது. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

உன் அக்கா


ஜூன் 3

அன்பு அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

அப்பாவிடம் ஒன்று சொல். முப்பத்தைந்து வருஷம் சாவி பிடித்தவருக்கு நான் சொல்லிக் கொடுப்பதாக நினைக்க வேண்டாம். உள்ளங்கையால் அழுத்தித் திருப்பினால் தோல் உரியும். சாவியின் குறுக்குக் கம்பியை இரண்டு கையாலும் ஓரத்தில் பிடிக்க வேண்டும். கையால் இழுக்கக்கூடாது, இடுப்பை வளைத்து உடம்பால் தள்ள வேண்டும். நாலாம் தெரு வால்வை முதலில் கால் சுற்று பின்னால் விட்டு, அப்புறம் முன்னால் திருப்ப வேண்டும். கையில் துணி சுற்றிக்கொள்ளட்டும். யாரோடும் பேச வேண்டாம். அவர் பேசாதவர் என்று ஊருக்கே தெரியும், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

அப்பா படுக்கையில் ஒருக்களித்துப் படுத்தால் மூச்சு லேசாக இருக்கும். எல்லா வயதானவர்களுக்கும் பொதுவாகச் சொல்கிறார்கள், அதனால் எழுதினேன்.

சோப்பை மாற்றிப் பார்.

நெட்டை


ஜூன் 8

அன்புள்ள நெட்டைக்கு,

நீ சொன்ன மாதிரி உடம்பால் தள்ளினால் சுலபமாகத் திரும்புகிறது என்று அப்பா சொன்னார். ஒருக்களித்துப் படுப்பதும் நல்லதாக இருக்கிறதாம்.

பன்னிரண்டு தட்டு.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஏழாம் வீட்டுக்குத் தட்டினால் இரண்டு நாளாகப் பதில் இல்லை. முதல் நாள் ஐந்து நிமிஷம் காத்திருந்துவிட்டு அடுத்த வீட்டுக்குத் தட்டியாயிற்று. இரண்டாம் நாள் கதவு திறந்து கிடந்தது. வாளி வாசலிலேயே கவிழ்த்து வைத்திருந்தது. போன வாரம்தான் மாமா, "ஏம்ப்பா, நீ முன்ன மாதிரி மொறைக்கிறதில்லையே, கண்ணுல ஒரு கனிவு வந்திருச்சே" என்று கிட்டே வந்து பார்த்தார். வாளியைத் தூக்க முடியாமல் தடுமாறினார் என்று வீட்டு வாசல் வரை தூக்கிக் கொடுத்தது தப்பா? வயதானவருக்கு அதுகூடச் செய்யாமல் எப்படி வருவது?

இதெல்லாம் அப்பா சொன்னது.

தண்ணீரை நிறுத்தினால் அந்தத் தெரு என்ன ஆகும், அதையும் யோசி. எனக்கு இரண்டு சோப்பும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

அக்கா


ஜூன் 11

அக்கா,

நலம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு முகம் இல்லை.

சோப்பு மட்டமில்லை. சோப்பில் ஒன்றுமே இல்லை. எங்கள் சமையல்காரருக்கு வந்ததுதான் உனக்கும். அவரைப் போலவே நீயும் காய்ச்சல் இல்லாமல் எழுந்து நடமாடுகிறாய், அதுதான் ஆபத்து.

அப்பாவுக்கு வாளித் தட்டு காதில் விழாது. அதை நீ எழுதினபோதே கோட்டுக்குள் இருப்பது நீ என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவுக்கு உன் உயரம்தான், ஊரில் ஒருவரும் சந்தேகப்பட்டிருக்கமாட்டார்கள். அவர் உள் அறையில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறார். நீ அவருக்குப் பணிவிடை பண்ணிவிட்டு, அதே கையால் ஒவ்வொரு வாளியையும் பிடித்து, ஒவ்வொருவராகக் கிட்டே வரவைத்து நிறைத்துக் கொடுக்கிறாய். பத்தொன்பது கைக்கு ஒரு கை போதும் என்றாரே. அந்த ஒரு கைக்கே நோய் வந்தால் என்ன செய்வது என்று நாம் மூன்று பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

இன்று காலை என்ஜினீயர் காலில் விழாத குறையாகக் கேட்டுப் போனை வாங்கினேன். சுகாதார அலுவலகத்துக்குப் பேசினேன். வீட்டு விலாசம் சொன்னேன். கடைசித் தெருவுக்கு வேறு ஆளை அனுப்பச் சொன்னேன். எங்கப்பா, எங்கக்கா என்று முணுமுணுத்தேன், அந்தப் பெண் இரண்டு தடவை "யாரு? யாரு?" என்று கேட்டாள். இது உன் கைக்குக் கிடைக்கும்போது வேன் வந்து போயிருக்கும். நீ அப்பாவுக்குப் பண்ணின சத்தியத்தை நான் முறித்துவிட்டேன். திட்டி எழுது. ஆனால் எழுது.

உன் தம்பி


ஜூலை 2

அன்புள்ள நெட்டைக்கு,

நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். இந்தத் தடவை நிஜமாகவே.

உன் கடிதத்தைத் தபால்காரர் பள்ளிக்கூட வாசலில் கொடுத்துவிட்டுப் போனார். நான் இருப்பது மூன்றாம் வகுப்பு அறை. நான் தைத்த சீருடையைப் போட்டுக்கொண்டு குழந்தைகள் உட்கார்ந்த பெஞ்சை இழுத்துப்போட்டுப் படுத்திருக்கிறோம். அப்பா ஐந்தாம் வகுப்பில். வேனில் ஏறும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எட்டு நாள் பிராணவாயு வைத்தார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் வீட்டிலேயே முடிந்திருக்கும் என்றார் டாக்டர். ஆக, சத்தியத்தைக் காப்பாற்றியிருந்தால் அப்பாவைக் கொன்றிருப்பேன்.

நீ செய்தது சரி. திட்டமாட்டேன். ஆனால் ஒன்று சொல்லாமல் விட முடியாது. என் கொப்புளம் எங்கே என்று நீ மே 25-ஆம் தேதி கேட்டாய். அன்றைக்கே உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சாவி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாய். நீ சொல்லிக் கொடுத்தது நன்றாகவே உதவியது. அந்த வால்வை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் திருப்பினோம் தம்பி. நான் தனியாகத் திருப்பினேன் என்று நீயும் நினைக்காதே, நீ காட்டிக் கொடுத்தாய் என்று நானும் நினைக்கமாட்டேன்.

என் ஜன்னலிலிருந்து கடைசித் தெருக் குழாய் தெரிகிறது. புதுசாக வந்தவர் தட்டுவதில்லை. குழாயைத் திறந்துவிட்டுத் தூரப் போய் நின்றுகொள்கிறார். அவரவர் வந்து பிடித்துக்கொண்டு போகிறார்கள். தினமும் எண்ணுகிறேன். பதினோரு வீட்டிலிருந்துதான் வருகிறார்கள். மற்ற எட்டு வீட்டில் சிலர் இங்கே பக்கத்து அறைகளில் இருக்கிறார்கள். ஐந்து பேர் எங்கேயும் இல்லை. ரேடியோ மாமா முதல் ஆள். யாரிடமிருந்து யாருக்கு என்று இப்போது கண்டுபிடிக்கவே முடியாதும்மா என்று டாக்டர் சொன்னார். தலையாட்டினேன். கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லையே.

அந்தத் தெருவில் நடந்தது எதுவும் அப்பாவுக்குத் தெரியாது. காய்ச்சலில் கிடந்தபோதும் நான் திரும்பி வந்து கோட்டைக் கழற்றியதும், "எத்தனை தட்டு?" என்றுதான் கேட்பார். பத்தொன்பது என்பேன். அப்படியே கண்ணை மூடித் தூங்கிவிடுவார். இப்போது உட்காருகிறார், நடக்கிறார். நேற்று என் அறை வாசலுக்கே வந்து தூர நின்று அதையே கேட்டார். மறுபடியும் பத்தொன்பது என்றேன், எனக்கு வேறு எண் வாயில் வரவில்லை. திங்கட்கிழமை எங்களை விடுகிறார்கள். வெளியே போனதும் முதல் வேலையாக எங்கே போவார் என்று உனக்கே தெரியும்.

அதற்குள் நான் சொல்லியாக வேண்டும். இதோடு மூன்று தடவை அவர் அறை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். காகிதத்தை நர்ஸிடம் கொடுத்து அனுப்பினேன், உனக்கு எழுதுகிறாராம்.

அக்கா

*உடம்பு தேவலை. அக்கா ஒரு மாதம் என் வேலையைப் பார்த்தாள், பத்தொன்பதில் ஒன்று குறையவில்லை. பெண் பிள்ளை செய்வாளா என்று இனி எவனும் கேட்க முடியாது. ரேடியோக்காரர் வாளி ஓட்டை, அடைத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். திங்கட்கிழமை நானே போய்த் தட்டுகிறேன். வெந்நீர் குடி. — அப்பா*